மேடைக்குக் கீழிருந்து ஒரு மேடைப் பேச்சு



அழைப்பிதழில் என் பெயருக்கு எதிரே ‘மேடையில் உரையாற்றுவார்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அச்சகத்தாரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆயினும் நான் மேடையில் இல்லை என்பதை நீங்களே பார்க்கிறீர்கள். மேடைக்கு ஏழு படிகள், என் நாற்காலிக்கு நான்கு சக்கரங்கள். இரண்டுக்கும் சமாதானம் செய்துவைக்க வழி காணாத காரணத்தால், சபைத் தலைவரும் காரியதரிசியும் மேலே வீற்றிருக்க, நான் முதல் வரிசைக்கும் மேடைக்கும் நடுவில், புகைப்படக்காரர் முழங்காலிட்டு உட்காரும் இடத்திலிருந்து மைக்கைக் கையில் பிடித்தபடி பேசுகிறேன். என்னைக் குனிந்து பார்க்க வேண்டியிருப்பதால் தலைவருக்குக் கழுத்து வலிக்கக்கூடும். சினிமாக் கொட்டகைகளில் திரைக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தப்பட்டு, மூன்று மணி நேரம் அண்ணாந்து பார்த்து நாங்கள் சம்பாதித்த கழுத்து வலிக்கு அதை ஈடாக வைத்துக்கொள்கிறேன்.

நம்முடைய சங்கீதம் உட்கார்ந்து பாடுகிற சங்கீதம் அல்லவா? பாடகர் சம்மணமிட்டு அமர்கிறார்; பிடில்காரரும் மிருதங்க வித்வானும் அமர்கிறார்கள்; தம்பூரா போடுகிற சிஷ்யையும் அமர்கிறாள்; கீழே தாளம் போடுகிற ரசிகர்கள் எல்லோரும் அமர்ந்தே கேட்கிறார்கள். இத்தனை பேரும் வந்து உட்காருவதற்கென்றே எழுப்பப்பட்ட ஒரு மண்டபத்தில், உட்கார்ந்தபடியே வருகிற ஒருவனை மட்டும் வாசலில் நிறுத்துகிற விசித்திரத்தைத் தமிழகத்துச் சபைகள் பலவும் செய்துவருகின்றன.

மேல்நாட்டில் தனி வயலின் வித்வான் நின்று வாசிப்பதே மரபு. நான்கு வயதில் இளம்பிள்ளை வாதத்துக்கு ஆளான இட்சாக் பெர்ல்மன், ஊன்றுகோல்களோடு மேடைக்கு வந்து, உட்கார்ந்து வாசித்தே உலகப் புகழ் பெற்றார். அரங்கங்களில் எங்களைப் போன்றோருக்கு வழி வேண்டும் என்று பொதுவெளியில் வாதாடியும் வந்திருக்கிறார். அவர் நம் ஊரில் பிறந்திருந்தால் உட்கார்ந்து வாசிப்பதை ஒருவரும் அதிசயமாகக் கருதியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த ஏழு படிகளைத் தாண்டி வில்லைக் கையில் எடுக்கும் பாக்கியம் அவருக்குக் கிடைத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

இதைப் பேசும்போதெல்லாம் சபைக்காரர்களிடமிருந்து எனக்கு நான்கைந்து விடைகள் கிடைப்பதுண்டு. “தூக்கிவிட ஆள் இருக்கிறதே” என்பது முதலாவது. இன்று மாலை வாசலின் மூன்று படிகளையும் நான் அப்படித்தான் கடந்தேன். தூக்கிய நால்வரும் நல்லவர்கள், அவர்களுக்கு என் நமஸ்காரம். ஆனால், பட்டுப்புடவையும் ஜிப்பாவுமாக நூறு பேர் நின்று பார்க்க, ஒரு பீரோவைப் போலச் சாய்த்துத் தூக்கப்பட்டு, “பார்த்து, பார்த்து, இடது பக்கம் இறக்கு” என்ற குரல்களுக்கு நடுவே பிரவேசித்த ஒருவனுக்கு, அதன் பிறகு வர்ணமும் ஆலாபனையும் காதில் ஏறுவதற்கு அரைமணி ஆகிறது. “முன்பே சொல்லியிருந்தால் ஏற்பாடு செய்திருப்போமே” என்பது இரண்டாவது. நீங்கள் எல்லோரும் முன்பே சொல்லிவிட்டா வந்தீர்கள்? “உங்களைப் போன்றவர்கள் எத்தனை பேர் வருகிறார்கள்?” என்று கேட்பவர்களும் உண்டு. பாலம் இல்லாத ஆற்றங்கரையில் நின்றுகொண்டு, இந்த வழியாக ஒருவருமே போவதில்லையே என்று கணக்கெடுக்கிறவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?

“கட்டடம் பழையது” என்பதுதான் கடைசி அஸ்திரம். ஐயா, இதே பழைய கட்டடத்துக்குள் குளிர்சாதனம் புகுந்தது. புதிய ஒலிபெருக்கிகள் புகுந்தன. நாற்காலிகளுக்கு மெத்தை வந்தது. மார்கழி தோறும் கேன்டீன் ஒரு கல்யாணக் கூடத்தின் அளவுக்கு வளர்ந்துவருகிறது. (அந்தக் கேன்டீனுக்கும் இரண்டு படிகள். சங்கீத ரசனையில் பாதி அங்கேதான் நடக்கிறதென்பது உங்களுக்குத் தெரியாததல்ல.) அத்தனைக்கும் இடம் கொடுத்த செங்கல், ஒரு சரிவுப் பாதைக்கு மட்டும் பழையதாகிவிடுமா?

கணக்கு மிகவும் எளியது. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சரிவுப் பாதைக்குச் சொல்லப்பட்ட விகிதம். வாசற்படிகள் மூன்றும் சேர்ந்து ஒன்றரை அடி உயரம். ஆகவே பதினெட்டு அடிச் சரிவும் கைப்பிடியும் போதும். காரியதரிசியின் கார் நிற்கிற இடம் அதைவிட நீளம். மேடை மூன்றரை அடி உயரம். அதற்கு நாற்பத்திரண்டு அடி. பின்புறத்து அறை வழியாக வளைத்துக் கொண்டுவரலாம். இடம் போதாதென்றால் சிறிய மின்தூக்கி ஒன்று வைக்கலாம். கழிவறைக் கதவை 90 சென்டிமீட்டர் அகலத்துக்குத் திறந்துவிடுங்கள். உள்ளே நாற்காலி திரும்ப 150 சென்டிமீட்டர் விட்டமுள்ள இடம் வேண்டும். நடு வரிசை ஒன்றின் ஓரத்தில் சில நாற்காலிகளைக் கழற்றிவிட்டால் எங்கள் ஸ்தானமும் ஆயிற்று. பக்கத்தில் என் மனைவிக்கும் ஒரு நாற்காலி விட்டுவையுங்கள். நாற்பது வருஷமாக என்னோடு கச்சேரி கேட்கிறவளைப் பதினைந்தாவது வரிசைக்கு அனுப்பிவிடுகிறீர்கள்.

தயவை நான் கேட்கவில்லை. 1995-ஆம் ஆண்டிலேயே மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒரு சட்டம் பிறந்தது. அதன் குறைகளை நீக்கி 2016-இல் இன்னொன்று பிறந்தது. பொதுக் கட்டடம் என்பது சர்க்கார் கட்டடம் மட்டுமே என்று நீங்கள் ஒதுங்கிக்கொள்ள இந்தச் சட்டம் இடம் வைக்கவில்லை; பொதுமக்கள் வந்துபோகிற தனியார் கட்டடத்தையும், கலாசாரத்துக்கும் பொழுதுபோக்குக்கும் உரியது என்று விளங்கச் சொல்லி, அதற்குள் சேர்த்திருக்கிறது. முன்பே எழுந்து நிற்கிற கட்டடங்களுக்கு, விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்து வருஷ அவகாசம் தந்தது. விதிகள் 2017 ஜூனில் வெளியாயின. அவகாசம் 2022 ஜூனோடு தீர்ந்துபோயிற்று. அந்த விதிகளில் ஒன்று கட்டளையாக இராமல் வெறும் யோசனையாக நிற்பது சட்டத்துக்கே முரணானது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, கட்டாயமான விதிகளை மூன்று மாதத்துக்குள் வகுக்கும்படி மத்திய அரசைப் பணித்தது. இந்த மண்டபத்து வாசலில் அன்றும் மூன்று படிகள். இன்றும் அதே மூன்று.

படி நம் கலைக்குப் பரம்பரைச் சொத்து என்றும் யாரும் சொல்ல முடியாது. தெருக்கூத்துக்குப் படி ஏது? ஊர்ப் பொட்டலில், விளக்கு வெளிச்சத்தில், தரையிலேயே கூத்து நடக்கும். நாதஸ்வரமோ சுவாமி புறப்பாட்டோடு நம் வீட்டு வாசலுக்கே வந்து நின்று வாசித்துவிட்டுப் போகும். மேல்நாட்டு நாடகக் கொட்டகையைப் பார்த்து நாம் மேடையை உயர்த்தினோம். அந்த மேல்நாட்டார் பின்னர்ப் போட்ட சரிவுப் பாதையை மட்டும் பார்க்க மறந்தோம்.

நந்தனார் சரித்திரத்தை இதே மண்டபத்தில் பலமுறை கேட்டிருக்கிறேன். உள்ளே வரலாகுமா என்று கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன் மாஞ்சி ராகத்தில் உருகுமிடத்தில் கைக்குட்டையை எடுக்காத ரசிகர் இல்லை. சாதியின் பேரால் அவன் பட்ட கொடுமையும் என் சங்கடமும் ஒன்றென்று நான் சொல்லத் துணியேன். அது அறிந்தே செய்த இழிவு, இது பெரும்பாலும் மறதி. எனினும் திருப்புன்கூர்க் கதையைச் சற்று நினையுங்கள். வெளியே நின்ற பக்தனுக்குத் தரிசனம் மறைந்தபோது, முன்பே சொல்லியனுப்பியிருக்கலாமே என்று இறைவன் கேட்கவில்லை. உன்னைப் போல் எத்தனை பேர் வருகிறார்கள் என்றும் கேட்கவில்லை. குறுக்கே இருந்த நந்தியை விலகச் சொன்னார். நந்தனை உள்ளேயே அழைத்திருக்கலாகாதா என்பது வேறு வழக்கு. அதை நான் இன்று எடுக்கவில்லை. விலகிய நந்தியை இன்றும் அந்தக் கோயிலில் பார்க்கலாம். கைக்குட்டையோடு அழுதவர்களில் இந்தச் சபையின் நிர்வாகிகளும் இருந்தார்கள். ஆகையால் கேட்கிறேன்: வருகிற மார்கழிக்கு முன் அந்தப் பதினெட்டு அடியைப் போட்டு முடிப்பீர்களா, மாட்டீர்களா? பதிலைத் தலைவர் மேடையிலிருந்தே, எல்லோர் காதிலும் விழும்படி சொல்லட்டும்.

அதிக நேரம் எடுத்துக்கொண்டுவிட்டேன், மன்னிக்க வேண்டும். என்னை உள்ளே தூக்கிவந்த நால்வரில் இருவர் கேன்டீனுக்குப் போயிருக்கிறார்களாம். அவர்கள் திரும்பி வரும் வரையில் நான் இங்கேயேதான் இருப்பேன்.