எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல், ஒரு ராத்திரி

(எபிசோடின் எழுத்து வடிவம். திரும்பத் திரும்பச் சொன்ன சில இடங்கள் மட்டும் நீக்கப்பட்டுள்ளன. கமாண்டுகள் பேச்சில் சொன்னபடியே இருக்கின்றன.)

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு தம்பி மெசேஜ் பண்ணியிருந்தார். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம் ஆகுதாம், சர்வர் டீம். "அண்ணா, ஷேர் ஃபோல்டர்ல ஒருத்தருக்கு பர்மிஷன் கொடுத்தும் ஆக்சஸ் டினைடுனே வந்துச்சு. கடைசியா எவ்ரிஒன் ஃபுல் கன்ட்ரோல் கொடுத்துட்டேன், இப்ப வேலை செய்யுது. ஓகேதானே?"

தம்பி, ஓகே இல்ல. ஆனா உங்களைத் திட்டற தகுதி எனக்குக் கிடையாது. இதையே நான் பண்ணியிருக்கேன், உங்களைவிட பெரிய அளவுல. அந்தக் கதையைச் சொல்றேன். நடுநடுவுல கமாண்ட் வரும், பயப்படாதீங்க, மெதுவாவே சொல்றேன்.

அப்ப நான் வேலைக்கு வந்து ரெண்டு வருஷம். சின்ன ஆபீஸ், ஒரே ஒரு விண்டோஸ் ஃபைல் சர்வர். அதுல ஈ டிரைவ்ல "ஷேர்"னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள காமன், டிசைன், அக்கவுண்ட்ஸ், ஹெச்ஆர்னு எல்லாம் இருக்கும். எல்லாருக்கும் ஒரே நெட்வொர்க் டிரைவ். யாருக்கு எந்த ஃபோல்டர் உரிமை இல்லையோ, அது அவங்க கண்ணுக்கே தெரியாது. அதுக்கு விண்டோஸ்ல ஒரு செட்டிங் இருக்கு, ஆக்சஸ் பேஸ்டு எனுமரேஷன்னு பேரு. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

ஒரு நாள் சாயந்திரம் ஹெச்ஆர் அக்கா கூப்பிட்டாங்க. "தம்பி, அடுத்த வருஷ லீவு லிஸ்ட் என் ஃபோல்டர்ல இருக்கு. அதைக் காமன்ல போட்டுடேன், எல்லாரும் பாக்கட்டும்." ரெண்டு நிமிஷ வேலை. சர்வர்ல உக்காந்து, கமாண்ட் ப்ராம்ப்ட்ல மூவ்னு அடிச்சு நகர்த்திட்டேன். பத்து நிமிஷத்துல போன் மேல போன். லிஸ்ட் தெரியலன்னு சிலர், திறக்கலன்னு சிலர்.

ஏன்? ஒரே டிரைவுக்குள்ள மூவ் பண்ணா ஃபைல் உண்மையில எங்கயும் போறதில்ல. பேரும் முகவரியும்தான் மாறுது. அதனால பழைய பூட்டோடவே புது வீட்டுக்கு வரும். ஹெச்ஆர் ஃபோல்டர்ல இருந்தப்ப அந்த ஃபைல் மேல என்ன பர்மிஷன் இருந்துச்சோ, அதேதான் காமன்லயும். இதே காப்பி பண்ணியிருந்தா அது புது ஃபைல், காமனோட பர்மிஷனை எடுத்துக்கும். இந்த ஒரு வித்தியாசம் அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சிருந்தா இந்த எபிசோடே இல்ல.

தெரியலையே. மணி ஆறரை, கிளம்பணும். காமன் ஃபோல்டர் மொத்தத்துக்கும் எல்லாருக்கும் கொடுத்துடலாம்னு நினைச்சேன். அதுக்கான கமாண்ட் பேரு ஐகேக்கிள்ஸ். எழுத்தா சொன்னா ஐ, சி, ஏ, சி, எல், எஸ். விண்டோஸ்ல ஃபைல் உரிமைகளைப் பாக்க, மாத்த, கருப்பு விண்டோல இருந்து பயன்படுத்தறது இதுதான். நான் அடிச்சது: ஐகேக்கிள்ஸ், ஸ்பேஸ், புள்ளி, ஸ்பேஸ், ஸ்லாஷ் கிராண்ட், ஸ்பேஸ், எவ்ரிஒன், கோலன், அடைப்புக்குள்ள ஓ ஐ, அடைப்புக்குள்ள சி ஐ, எஃப், கடைசியா ஒரு ஸ்பேஸ் விட்டு ஸ்லாஷ் டி.

புள்ளின்னா "நான் இப்ப நிக்கிற ஃபோல்டர்". நான் காமன்ல நிக்கிறதா நினைச்சுட்டு இருந்தேன். ரெண்டு கருப்பு விண்டோ திறந்து வச்சிருந்தேன். நான் அடிச்ச விண்டோ ஷேர் ஃபோல்டர்ல நின்னுட்டு இருந்துச்சு. மொத்த ஆபீஸுக்கும் மேல. வரிவரியா ஓடுச்சு. இவ்வளவு ஃபைலா காமன்லன்னு ஒரு செகண்ட் தோணுச்சு. தோணினதோட சரி. லீவு லிஸ்ட் திறக்குதான்னு ஒருத்தர்கிட்ட கேட்டேன், திறக்குதுன்னார். கிளம்பிட்டேன்.

மறுநாள் காலையில டிசைன் டீம்ல இருந்து ஒரு போன். "ப்ரோ, ஷேர் டிரைவ்ல புதுசா மூணு ஃபோல்டர் வந்திருக்கே, எங்களுக்கா?" உரிமை இல்லாத ஃபோல்டர் கண்ணுக்குத் தெரியாதுன்னு சொன்னேன்ல? ராத்திரியோட ராத்திரியா எல்லாருக்கும் உரிமை வந்ததால எல்லாருக்கும் எல்லாம் தெரிய ஆரம்பிச்சிடுச்சு. அதுல ஹெச்ஆர். அதுக்குள்ள சம்பள ஷீட்.

இங்க கொஞ்சம் நிதானமா போவோம், ஏன்னா என் தப்போட மையம் புள்ளி மட்டும் இல்ல. ஸ்லாஷ் டி.

ஹெச்ஆர் ஃபோல்டருக்கு ஏற்கெனவே ஒரு பாதுகாப்பு இருந்துச்சு. வழக்கமா ஒரு ஃபோல்டர் தன் உரிமைகளை மேல இருக்கிற ஃபோல்டர்கிட்ட இருந்து வாங்கும். இதுதான் இன்ஹெரிட்டன்ஸ். ஐகேக்கிள்ஸ்ல ஒரு ஃபோல்டரோட உரிமைகளைப் பாத்தீங்கன்னா, சில வரியில அடைப்புக்குள்ள ஒரே ஒரு ஐ இருக்கும். அது மேலருந்து வந்தது, இங்க போட்டது இல்லன்னு அர்த்தம். ஓ ஐ, சி ஐன்னா உள்ள இருக்கிற ஃபைலுக்கும் சப் ஃபோல்டருக்கும் இது இறங்கட்டும்னு அர்த்தம். ஹெச்ஆர் ஃபோல்டர்ல எனக்கு முன்னாடி இருந்த அண்ணன் இந்த இன்ஹெரிட்டன்ஸை நிறுத்தி வச்சிருந்தார். மேல யார் என்ன மாத்தினாலும் அதுக்குள்ள இறங்காது.

அப்ப நான் ஸ்லாஷ் டி போடாம அடிச்சிருந்தா? ஷேர் மேல எவ்ரிஒன் விழுந்திருக்கும், காமன், டிசைன் எல்லாத்துக்கும் இறங்கியிருக்கும், ஹெச்ஆர் வாசல்ல நின்னிருக்கும். தப்பு தப்புதான், ஆனா சம்பள ஷீட் தப்பிச்சிருக்கும். ஸ்லாஷ் டி என்ன பண்ணுதுன்னா, இறங்குமா இறங்காதான்னு பாக்காம ஒவ்வொரு ஃபோல்டரா, ஒவ்வொரு ஃபைலா நேரடியா போய் அந்த வரியை எழுதும். நான் அட்மின், எனக்கு ஹெச்ஆர்லயும் எழுதற உரிமை இருக்கு. அண்ணன் போட்ட தடுப்பை நானே உள்ள போய்த் தாண்டிட்டேன்.

இன்டர்நெட்ல பர்மிஷன் பிரச்சினைக்குப் பதில் தேடினா பாதி இடத்துல கமாண்டோட வால்ல இந்த ஸ்லாஷ் டி ஒட்டிட்டு இருக்கும். என் கருத்து: ஓ ஐ, சி ஐ இருந்தா பெரும்பாலும் ஸ்லாஷ் டி தேவையே இல்ல. சேவ் பண்ணவும் தேடவும் போடுங்க. கிராண்ட் பண்ண போடாதீங்க.

சரி, பதறிட்டு என்ன பண்ணேன்? அதே இடத்துல நின்னு ஸ்லாஷ் ரிமூவ் எவ்ரிஒன், ஸ்லாஷ் டி. மறுபடி ஸ்லாஷ் டி. சம்பள ஷீட் மூடிடுச்சு. ஆனா ஏற்கெனவே நியாயமா எவ்ரிஒன் இருந்த இடங்கள்லயும் அது போயிடுச்சு. ஸ்கேனர் வந்து ஃபைல் போடற ஃபோல்டர் ஒண்ணு, ஃபார்ம் எல்லாம் வச்சிருக்கிற ஃபோல்டர் ஒண்ணு. மதியத்துக்குள்ள ஸ்கேனர் வேலை செய்யலன்னு போன். எது நான் போட்ட எவ்ரிஒன், எது பழசுன்னு சொல்ல என்கிட்ட எந்தப் பதிவும் இல்ல. ரெண்டு நாள் ஒவ்வொரு டீம் லீடா போய், "உங்க ஃபோல்டரை யார் யார் பாக்கணும்"னு கேட்டு நோட்டுல எழுதினேன்.

இதுக்கு முன்னாடி ஒரே ஒரு கமாண்ட் அடிச்சிருந்தா அந்த ரெண்டு நாள் இல்ல. ஐகேக்கிள்ஸ், ஈ டிரைவ் ஷேர் ஃபோல்டரோட பாதை, ஸ்லாஷ் சேவ், ஒரு ஃபைல் பேரு, ஸ்லாஷ் டி, ஸ்லாஷ் சி. ஸ்லாஷ் சி போட்டா நடுவுல ஏதாவது ஃபைல்ல எரர் வந்தாலும் நிக்காம போகும். மொத்த உரிமைகளும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல வந்துடும். திரும்பப் போட ஸ்லாஷ் ரீஸ்டோர். ஆனா இங்க எல்லாரும் ஒருமுறை முட்டிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. ரீஸ்டோர் பண்றப்ப ஷேர் ஃபோல்டர் பேரைக் கொடுக்கக்கூடாது, அதுக்கு ஒரு படி மேல, ஈ டிரைவ் ஸ்லாஷ்னு கொடுக்கணும். ஏன்னா சேவ் ஆன ஃபைல்ல பாதைகள் "ஷேர்"னுதான் ஆரம்பிக்கும். நீங்க மறுபடி ஷேர்னு கொடுத்தா அது ஷேருக்குள்ள இன்னொரு ஷேரைத் தேடும், கிடைக்கலன்னு சொல்லும். அந்த டெக்ஸ்ட் ஃபைலைத் திறந்து திருத்தவும் வேண்டாம். அப்புறம், ஃபைலோட ஓனர் யாருங்கிறது அதுல சேவ் ஆகாது, உரிமைகள் மட்டும்தான். ஒரு டம்மி ஃபோல்டர்ல ஒருமுறை சேவ், ரீஸ்டோர் செஞ்சு பாத்துட்டு நிஜத்துக்கு வாங்க.

பவர்ஷெல்ல அடிக்கிறவங்களுக்கு ஒண்ணு: எவ்ரிஒன் கோலன் ஓ ஐ சி ஐங்கிற அந்தத் துண்டை மேற்கோள் குறிக்குள்ள போடுங்க. இல்லன்னா பவர்ஷெல் அந்த அடைப்புக்குறியைத் தன்னோடதுன்னு எடுத்துக்கும்.

இப்ப தம்பியோட கேள்விக்கு வர்றேன். பர்மிஷன் கொடுத்தும் ஏன் டினைடு? மூணு இடம் பாக்கணும்.

முதல்ல, நெட்வொர்க் வழியா வர்றவங்களுக்கு ரெண்டு காவல். அபார்ட்மெண்ட் கேட்ல ஒரு வாட்ச்மேன், அது ஷேர் பர்மிஷன். வீட்டுக்கு ஒரு பூட்டு, அது ஃபைல் சிஸ்டம் பர்மிஷன், ஐகேக்கிள்ஸ் மாத்தறது இதை மட்டும்தான். ரெண்டுல எது இறுக்கமோ அதுதான் செல்லும். வீட்டுச் சாவி கொடுத்துட்டீங்க, ஆனா கேட்ல "படிக்க மட்டும்"னு இருந்தா எழுத முடியாது. கேட்டைப் பாக்க பவர்ஷெல்ல கெட் ஹைஃபன் எஸ்எம்பிஷேர்ஆக்சஸ், கூடவே ஷேரோட பேரு. பல இடத்துல கேட்டைத் தாராளமா விட்டுட்டு வீட்டுப் பூட்டுல கறாரா இருப்பாங்க. நானும் அப்படித்தான் செய்றேன். ஆனா எங்க ஆபீஸ்லயும் அதேதான் இருந்துச்சு, அதனாலதான் வீட்டுப் பூட்டு போனதும் எல்லாம் போச்சு.

ரெண்டாவது, அவரை ஒரு குரூப்ல சேத்து அந்த குரூப்புக்கு உரிமை கொடுத்திருப்பீங்க. நல்ல பழக்கம். ஆனா யார் எந்த குரூப்னு கம்ப்யூட்டர் கணக்கெடுக்கறது லாகின் ஆகறப்ப. நீங்க பதினோரு மணிக்குச் சேத்தீங்க, அவர் ஒன்பதுக்கு லாகின் பண்ணவர். லாக் பண்ணித் திறந்தா பத்தாது, லாக் ஆஃப் பண்ணிட்டு வரணும். அவர் கம்ப்யூட்டர்ல ஹூஆம்ஐ ஸ்லாஷ் குரூப்ஸ்னு அடிச்சா அந்த குரூப் வந்திருக்கான்னு தெரியும். தம்பி, என் யூகம் இதுதான். நீங்க எவ்ரிஒன் போட்டதும் திறந்திருக்கும், ஏன்னா எவ்ரிஒன்ல அவர் எப்பவும் இருக்கார். மறுநாள் காலையில அது இல்லாமலே திறந்திருக்கும்.

மூணாவது, மூவ் பண்ண ஃபைல். அது என் கதை. அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் ஐகேக்கிள்ஸ், ஃபைல் பேரு, ஸ்லாஷ் ரீசெட். அவ்வளவுதான் நான் அன்னைக்கு செஞ்சிருக்க வேண்டியது. இப்ப நிக்கிற ஃபோல்டரோட உரிமையை அது எடுத்துக்கும்.

லினக்ஸ் மக்கள் சிரிக்காதீங்க. உங்க ஊர்ல இதுக்குப் பேரு சிஹெச்மோட் ஹைஃபன் ஆர் 777. உங்களுக்கும் கெட்எஃப்ஏசிஎல் ஹைஃபன் ஆர்னு சேவ் இருக்கு, செட்எஃப்ஏசிஎல் ஹைஃபன் ஹைஃபன் ரீஸ்டோர்னு திரும்பப் போடவும் இருக்கு. அது தனி எபிசோடா பண்ணலாம்.

அந்த ராத்திரி சம்பள ஷீட்டை எத்தனை பேர் பாத்தாங்கன்னு எனக்குத் தெரியாது. ஃபைலை யார் திறந்தாங்கன்னு பதிவு பண்ற ஆடிட்டிங் அன்னைக்கு ஆன்ல இல்ல. ஒருத்தரைத் தெரியும். டிசைன்ல ஒரு அக்கா. அவங்களும் பக்கத்து சீட்காரரும் ஒரே நாள்ல சேந்தவங்க, ஒரே வேலை. அவங்க என்கிட்ட எதுவும் கேக்கல. மூணு வாரத்துல பேப்பர் போட்டுட்டாங்க. என் மேனேஜர்கிட்ட நடந்ததை நானே போய்ச் சொன்னேன். அவர் திட்டல, "எழுதிக் கொடு"ன்னார். எழுதறப்பதான் அந்தப் புள்ளியும் ஸ்லாஷ் டியும் எனக்குத் தெளிவா புரிஞ்சுது.

தம்பி, நாளைக்கு ஆபீஸ் போனதும் முதல்ல சேவ். அப்புறம் ஐகேக்கிள்ஸ், உங்க ஷேரோட பாதை, ஸ்லாஷ் ஃபைண்ட்சிட், எவ்ரிஒன், ஸ்லாஷ் டி, ஸ்லாஷ் சி. எவ்ரிஒன் எங்கெல்லாம் நேரடியா எழுதியிருக்குன்னு லிஸ்ட் வரும். லிஸ்ட் நீளமா இருந்தா மெசேஜ் பண்ணுங்க, சேந்து உக்காந்து பாப்போம்.