பைலாவும் நம்ம பறையும்
(சாந்தோமில் நடந்த கூட்டமொன்றில் பேசியது)



நாம உட்கார்ந்திருக்கும் இந்தச் சாந்தோமின் பேரே போர்த்துகீசியன் வைத்துவிட்டுப் போனது. அவன் 1505இல் இலங்கையிலும் கால் வைத்தான். பின்னால் கிழக்கு ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக அங்கே கொண்டுபோனான். எஜமானின் பாட்டும் அடிமையின் தாளமும் கலந்த ஆட்டம் 'கஃப்ரிஞ்ஞா'. அதன் வழி வந்தது பைலா. போர்த்துகீசியத்தில் 'பைலார்' என்றால் ஆடுவது. இன்னைக்கு அங்கே சிங்களக் கல்யாணமோ தமிழ்க் கல்யாணமோ, பைலா உண்டு.

புத்தளம் பக்கம் சிரம்பியடியில் அந்த ஆப்பிரிக்கர்களின் வாரிசுகள் இருக்காங்க. சிரட்டையும் போத்தலும் தட்டி 'மஞ்ஞா' பாடுறாங்க. பாட்டில் போர்த்துகீசியக் கிரியோல் நிற்கிறது. வீட்டுப் பேச்சிலிருந்து அது போய்விட்டது. ஆட்டம் எல்லாருக்கும் வேணும். ஆடினவன் பேரையோ, 'காப்பிலி' என்று தமிழிலேயே வசவாக்கி வைத்திருக்கிறோம்.

நமக்கு இது புதுசா? பறையை இன்னைக்குக் கல்லூரி மேடையில் கொண்டாடுறாங்க. நல்லதுதான். ஆனா ஊரில் சாவுக்கு அடிக்க யாரைக் கூப்பிடுறாங்க? கலப்பு, பண்பாடு என்று பேசுகிறவர்களிடம் இதைக் கேளுங்க: யார் கொடுத்தது, யார் எடுத்தது, எடுத்தவன் கொடுத்தவனை எங்கே நிறுத்தினான்? பதில் வரும்வரை நாம அடிக்கிறதை நிறுத்த வேண்டாம்.