பொதுக் கணிப்பொறியும் மேற்பார்வையாளர் பொறுப்பும்



பழைய அலுவலகங்களில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. பேரேட்டில் ஒரு தொகையைப் பதிந்த எழுத்தர், அதன் ஓரத்தில் தம் சுருக்கொப்பத்தை இடுவார். ஓர் எண்ணைத் திருத்தினால் அதற்கும் ஓர் ஒப்பம் உண்டு. ஒப்பமிட மறந்தாலும் கையெழுத்தே ஆளைக் காட்டிவிடும். பலர் கையாளும் ஏடாயினும், எவ்வரியை எவர் எழுதினார் என்பதில் ஐயம் எழுவது அரிது. இன்று அந்த ஏட்டின் இடத்தைப் பெரும்பாலும் கணிப்பொறி பெற்றுவிட்டது. அதில் எல்லோருடைய எழுத்தும் ஒரே அச்சு வடிவாகத்தான் தோன்றும். அங்கே கையெழுத்துக்கு ஈடாக நிற்பது கடவுச்சொல்லாகும். இவ்வுண்மையை மனத்தில் கொண்டால், பலர் பகிர்ந்து பயன்படுத்தும் கணிப்பொறியை முறைகேட்டிலிருந்து காப்பது எப்படி, அதில் மேற்பார்வையாளரின் பொறுப்பு யாது என்னும் இரு வினாக்களுக்கும் விடை காண்பது எளிதாகும்.

அமெரிக்காவில் உள்ள மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், பெர்னாண்டோ கோர்பாட்டோ என்னும் அறிஞரும் அவருடைய துணைவர்களும் 1961ஆம் ஆண்டில் ஒரு புதிய முறையைச் செய்து காட்டினர். ஒரே பெரிய கணிப்பொறியின் நேரத்தை நுண்ணிய கூறுகளாகப் பிரித்து, வெவ்வேறு முனையங்களில் அமர்ந்திருப்போர்க்கு மாறி மாறி அளிப்பது அம்முறை. இதற்குக் காலப்பகிர்வு என்று பெயர். பொறி ஒன்றே, பயன்படுத்துவோரோ பலர். ஆகவே ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்புகள் ஏற்பட்டன. அவற்றைக் காக்கக் கடவுச்சொல்லும் ஏற்பட்டது.

பூட்டு வந்தது, அதைக் கடந்து செல்லும் வழியும் விரைவிலேயே வந்தது. அக்கழகத்தில் ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவர் இருந்தார். அவருடைய ஆய்வுக்கு, வாரந்தோறும் ஒதுக்கப்பட்ட கணிப்பொறி நேரம் போதவில்லை. 1962ஆம் ஆண்டில் அவர் ஓர் உபாயம் கண்டார். கோப்புகளை அச்சிட்டுத் தருமாறு துளையட்டை வழியாகக் கோரும் வசதி ஒன்று அங்கே இருந்தது. கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பின் பெயரையே அட்டையில் குறித்து அவர் கொடுத்துவிட்டார். பொறி மறுக்கவில்லை, பட்டியல் முழுவதும் அச்சாகி வந்தது. பிறர் கணக்கில் நுழைந்து, தம் ஆய்வுக்கு வேண்டிய நேரத்தை அவர் எடுத்துக்கொண்டார். பல்லாண்டுகள் சென்றபின் அவரே இதை வெளியிட்டார்.

அவர் செய்தது தவறே; அதில் ஐயமில்லை. ஆனால் மேற்பார்வை செய்வோர் இந்நிகழ்ச்சியில் வேறொன்றையும் காண வேண்டும். இங்கே முறைகேட்டுக்குத் தூண்டுகோலாக இருந்தது ஒரு நேர்மையான தேவை. தேவைக்கு நேர்வழி இல்லாத இடத்தில் குறுக்குவழி தோன்றும். ஆகவே, விதியை வகுப்பவர் அவ்விதிக்குள் நின்று வேலையை முடிக்க இயலுமா என்பதையும் ஆராய வேண்டும்.

1966ஆம் ஆண்டில் அதே கணிப்பொறியமைப்பில் மற்றொரு விந்தை நிகழ்ந்தது. ஒருவர் அன்றைய அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். அதே வேளையில் மற்றொருவர் கடவுச்சொற் பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்தார். இருவருடைய இடைக்காலக் கோப்புகளுக்கும் ஒரே பெயர் அமைந்தமையால் ஒன்று மற்றொன்றின் இடத்தில் போய் அமர்ந்தது. அதன்பின் பொறியைப் பயன்படுத்த வந்தோர்க்கெல்லாம், அறிவிப்புக்குப் பதிலாக அனைவருடைய கடவுச்சொற்களும் காட்சியளித்தன! இங்கே தீய எண்ணம் கொண்டவர் எவருமில்லை. ஒரு நேரத்தில் ஒருவரே அங்குப் பணி செய்வார் என்று எண்ணி ஏற்பாட்டை அமைத்திருந்ததே குறை. நல்லவர்களை நியமித்துவிட்டால் மட்டும் போதாது, ஏற்பாடும் நன்றாக அமைய வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

இனி, ஓர் அலுவலகத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். ஐந்து பேருக்கு ஒரு கணிப்பொறி. வசதி கருதி ஐவருக்கும் ஒரே கடவுச்சொல். ஒரு நாள் ஊதியப் பட்டியலில் ஒரு தொகை மாறியிருப்பது தெரிகிறது. மாற்றியவர் ஒருவர், ஐயத்துக்கு உள்ளாவோர் ஐவர். நிரபராதிகளான நால்வரும் தம் தூய்மையை மெய்ப்பிக்க வழியில்லை. பழி பெரும்பாலும் அண்மையில் சேர்ந்த இளையவர் மீதே விழும். தனிக் கடவுச்சொல் குற்றவாளியைப் பிடிப்பதற்கு மட்டும் ஏற்பட்டதன்று. குற்றமற்றவரைக் காப்பதற்கும் ஏற்பட்டது. இதை மேற்பார்வையாளர் தம் பணியாளர்க்கு எடுத்துரைப்பாராயின், விதியைச் சுமையாக எவரும் கருதமாட்டார்.

ஆகவே, அவர் செய்ய வேண்டுவன சில உள. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு அளித்தல் வேண்டும். அவரவர் வேலைக்குத் தேவையான கோப்புகளை மட்டும் திறக்க அனுமதித்தல் வேண்டும். ஒருவர் மாற்றலாகியோ விலகியோ சென்றால் அன்றே அவர் கணக்கை மூடுதல் வேண்டும். இருக்கையை விட்டு எழுபவர் திரையைப் பூட்டிச் செல்லும் பழக்கத்தை வளர்த்தல் வேண்டும். பணம் தொடர்பான செயலில் பதிபவர் ஒருவராகவும் ஒப்புதல் தருபவர் மற்றொருவராகவும் இருக்குமாறு செய்தல் வேண்டும். யார், எப்போது, எதைத் திறந்தார் என்று கணிப்பொறி குறித்து வைக்கும் பதிவைக் கேடு நேர்ந்த பிறகு புரட்டுவதைவிட, முறையாக அவ்வப்போது பார்த்துவருதலே அறிவுடைமை.

இவ்வாறு பார்ப்பதற்கும் ஒரு வரம்புண்டு. எவையெவை பதிவாகின்றன என்பதைப் பணியாளர்க்கு முன்னரே அறிவித்துவிட வேண்டும். ஒருவருடைய சொந்தக் கடிதத்தை ஆவலினால் படிப்பது மேற்பார்வையாகாது. அதுவும் ஒரு முறைகேடே. மேலும், தமக்கு நேரமில்லை என்று தம் கடவுச்சொல்லை உதவியாளரிடம் கொடுத்து, ஒப்புதல்களைப் பதியச் சொல்லும் அதிகாரி, வெற்றுத்தாளில் ஒப்பமிட்டுக் கொடுப்பவரை ஒப்பார். தலைவர் மீறும் விதியைத் தொண்டர் மதிப்பதில்லை.

திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்னும் அதிகாரத்தை அடுத்து ‘தெரிந்து வினையாடல்’ என்னும் அதிகாரம் அமைந்துள்ளது. ஆளை ஆராய்ந்து நம்புவது முதற் கடமை. நம்பியவரை உரிய பணியில் அமர்த்தி, அவர் செயலை நாள்தோறும் கவனித்துவருவது அடுத்த கடமை. நம்பிக்கையும் கண்காணிப்பும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பது இதனால் விளங்கும்.

சட்டமும் இவ்வழியே செல்கிறது. இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 2008ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. பிறருடைய கடவுச்சொல்லை வஞ்சகமாகப் பயன்படுத்துவோர்க்கு அதன் 66சி பிரிவு 3 ஆண்டுகள் வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. நிறுவனமொன்று இச்சட்டத்தை மீறினால், அதன் பணிகளுக்குப் பொறுப்பாக இருந்தவரும் குற்றவாளியாவார் என்று 85ஆம் பிரிவு கூறுகிறது. தமக்குத் தெரியாமல் நிகழ்ந்தது என்றோ, அதைத் தடுக்க உரிய கவனம் முழுவதும் செலுத்தியதாகவோ மெய்ப்பித்தால் அவர் தப்பலாம். உரிய கவனம் என்பது பழி வந்த பிறகு தேடிக்கொள்ளக் கூடிய பொருளன்று. நாள்தோறும் செய்துவர வேண்டிய தொழில்.

மாணவர்களே! உங்களுள் பலர் நாளை அலுவலகங்களிலும் ஆலைகளிலும் மருத்துவமனைகளிலும் பொதுக் கணிப்பொறியின் முன் அமர்வீர்கள். சிலர் பிறரை மேற்பார்வையிடும் நிலைக்கும் உயர்வீர்கள். அதற்குரிய பயிற்சியைக் கல்லூரிக் கணிப்பொறிக் கூடத்திலேயே தொடங்கிவிடலாம். வேலை முடிந்ததும் உங்கள் கணக்கை மூடிவிட்டு எழுங்கள். முன்னவர் மூடாமல் விட்டுச் சென்றிருந்தால், படிக்காமல் மூடிவிடுங்கள். நெருங்கிய நண்பர் கேட்டாலும் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள், நீங்களும் கேட்காதீர்கள். நட்புக்காக எவரும் தம் கையொப்பத்தைக் கடன் கொடுப்பதில்லை அன்றோ?