மெய்நிகர் விபத்துக்களத்தில் தமிழ் பேசும் நோயாளி



செவிலியர் படிப்பில் சேர்ந்த மகள் கண்ணில் கருவியை மாட்டிக்கொண்டு கணினி விளையாட்டே ஆடுகிறாள் என்று பெற்றோர் சிலர் குறைப்படுகின்றனர். அது விளையாட்டன்று. விமானிகள் தரையிலிருந்தே விபத்தை எதிர்கொள்ளப் பழகுவதைப் போன்றதே இதுவும். மருத்துவத்திலும் இது புதிதன்று. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மயக்க மருந்துப் பயிற்சிக்காகக் கணினியால் இயங்கும் 'சிம் ஒன்' பொம்மை 1967 இலேயே இருந்தது. 2020 இல் கொரோனாவால் மருத்துவமனைக் கதவுகள் மாணவருக்கு மூடப்பட்டபோது, பல கல்லூரிகளுக்குத் திரையே நோயாளர் கூடமாயிற்று.

அதில் நடப்பது என்ன? பேருந்து ஒன்று கவிழ்ந்துகிடக்கிறது. இருபது பேர் காயமுற்றுள்ளனர்; கூக்குரல் எழுகிறது. ஒருவருக்கு ஒரு நிமிடத்திற்கு மேல் செலவிட இயலாது. கலிபோர்னியாவில் 1983 இல் உருவான 'ஸ்டார்ட்' முறைப்படி, நடக்க வல்லோரை முதலில் ஒதுக்கி, அவர்களுக்குப் பச்சை அட்டை இடவேண்டும். எஞ்சியோரில் மூச்சு நிமிடத்திற்கு 30 ஐத் தாண்டினாலோ, மணிக்கட்டு நாடி அகப்படாவிட்டாலோ, எளிய கட்டளைக்கு இணங்காவிட்டாலோ சிவப்பு. சிவப்பு அட்டையாளரே முதலில் கொண்டுசெல்லப்படுவர். ஊசி குத்தவும் மார்பை அழுத்தவும் திரை கற்பிக்காது. அதற்குப் பொம்மையும் மருத்துவமனையும் வேண்டும். பதற்றத்தில் முடிவெடுக்கவே இது பழக்குகிறது. பின்னர் ஆசிரியருடன் அமர்ந்து, ஏன் அவ்வாறு முடிவெடுத்தோம் என்று பேசுவதே என் எண்ணத்தில் பாதிப் பயிற்சி.

இங்கு நமக்கொரு கவலை உண்டு. "நடக்கக் கூடியோர் அப்பால் செல்லுங்கள்" என்னும் குரல் ஆங்கிலத்தில் ஒலிக்கிறது. பேரப்பிள்ளைகளைக் காண வந்த பாட்டி, கால் நலமாயிருந்தும் அசையாமல் அமர்ந்திருப்பார். "என் கையை இறுகப் பிடியுங்கள்" என்றால் விழிப்பார். விதிப்படி அவருக்குச் சிவப்பு! உண்மையிலேயே குருதி இழந்துகொண்டிருப்பவரின் இடத்தை அவர் பெறக்கூடும். அவர் விழிப்பது மொழியறியாமையாலா, தலையில் பட்ட அடியாலா? இத்தகைய நோயாளியைப் பயிற்சியில் ஒருமுறையேனும் காணாத மாணவர் எவ்வாறு பிரித்தறிவார்? கையை மூடித் திறந்து காட்டி, அதுபோலச் செய்யச் சொல்லலாம் என்பதுகூட அவ்வேளையில் தோன்றாது.

மென்பொருள் எழுதுவோன் என்ற முறையில் சொல்கிறேன்: மெய்நிகர் நோயாளி ஒருவருக்குத் தமிழ்க்குரல் சேர்ப்பது பெரும்பணியன்று. மருத்துவம், செவிலியம் பயிலும் இளையோரே, உங்கள் கல்லூரியில் ஆங்கிலம் அறியாத நோயாளி அப்பயிற்சியில் உண்டா என்று கேளுங்கள். இல்லையெனில் உரையாடலை எழுதிப் பதிவுசெய்துதர நாங்கள் ஆயத்தம். குரலை உங்கள் பாட்டிமாரே தரட்டும். வலியை அவர்கள் சொல்லும் விதம் நடிகருக்கு வாய்க்காது.