குப்பையும் குடிமையும்
(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இச்சங்கத்தில் யாம் இதுகாறும் பேசியவை இலக்கியப் பொருள்களாம். இன்று குப்பையைப் பற்றிப் பேசுவோமென அறிந்து சிலர் முகஞ் சுளித்தனர். பண்டிதர் வாயிற் குப்பையா என்பார்க்கு ஒன்று கூறி மேற்செல்வோம். குப்பை என்னுஞ் சொல் பழந்தமிழில் இழிபொருட்டன்று, குவியலைக் குறித்தது. நெற்குப்பை, பொற்குப்பை என வழங்கினர். நெற்குப்பை என்னும் பெயருடைய ஊர் சிவகங்கைச் சீமையில் இன்றும் உண்டு. ஒன்றை ஒன்றோடு கலவாது குவித்த காலத்தில் குப்பை செல்வமாயிருந்தது. எல்லாவற்றையும் ஒருங்கே கொட்டத் தொடங்கியபின் இழிவாயிற்று. இஃது எம் ஊகமே, இலக்கணமன்று.

நம் பாட்டனார் வீட்டுக் கொல்லையில் எருக்குழி இருந்தது. சாணமும் சாம்பலும் சருகும் அதிற் சேர்ந்து, கோடையில் வண்டியேறி வயலுக்குச் சென்றன. அதே குழியில் இன்று எண்ணெய்ப் பையும் ஷாம்பு உறையும் கிடக்கின்றன. அவ்வெருவை எவ்வுழவன் வயலில் இடுவான்? பாலிதீன் கலந்தமையால் நல்ல எருவும் பாழ்.

நகரத்திற் கேடு பெரிது. சென்னைப் பெருங்குடிக் குப்பைமேடு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையே விழுங்கி வளர்ந்தது. உணவுக்கழிவு காற்றுப்புகாமல் அடியில் அழுகுங்கால் மீத்தேன் என்னும் எரிவாயு தோன்றும். கசியும் நீர் நிலத்தடி நீரைக் கெடுக்கும். 2022 ஏப்ரலில் அம்மேட்டிற் பற்றிய தீயை அணைக்கப் பல நாட்கள் ஆயின. சோற்றையும் இலையையும் வேறாக எடுத்து உரமாக்கின், அவ்வாயு பிறத்தற்கு இடம் மிகக் குறையும்.

நிற்க. இனி எம் குற்றத்தைக் கூறுதல் வேண்டும். சென்ற தை மாதத்தில் எம் தமக்கையார் மகளுக்குத் திருமணம் நிகழ்ந்தது. தாய்மாமன் என்னும் முறையில் பந்தி எம் பொறுப்பு. எண்ணூறு இலை விழுந்தன. பாயசம் போதாதோ என்னுங் கவலையன்றி எமக்கு வேறு கவலையில்லை. மறுநாட் காலை பாத்திரங்களைப் பெறச் சென்றபோது, மண்டபத்துப் பின்வாயிலில் தூய்மைப் பணி செய்யும் அம்மையார் ஒருவர் கையிற் கந்தை சுற்றி அமர்ந்திருந்தார். எச்சில் இலைகளும் தண்ணீர்ப் புட்டிகளும் காகிதக் குவளைகளும் உடைந்த சோடாப் புட்டியும் ஒரே மூட்டையாய்க் கட்டப்பட்டிருந்தன. "இலைக்குள்ளே கண்ணாடி இருக்குமென்று நினைக்கவில்லை, ஐயா" என்றார், வேறொன்றுஞ் சொல்லவில்லை. யாம் இருநூறு ரூபாய் கொடுத்தோம். அதை முந்தானையில் முடிந்துகொண்டு, மற்றைக் கையால் அடுத்த மூட்டையைத் தூக்கினார். இருநூறு ரூபாயை எண்ணுந்தோறும் எமக்கு இன்றும் நாணமே உண்டாகின்றது.

மக்கள் குப்பையைப் பிரியாமைக்குக் காரணம் அறியாமை என்பர் பலர். யாம் அதனை ஒப்போம். மக்குவது எது, மக்காதது எது என்பதைப் பள்ளிச் சிறுவனும் அறிவான். எடுப்பதற்கென்று ஒரு குலம் இருக்கின்றது என நம் நெஞ்சில் உறைந்த எண்ணமே காரணம். அவ்வம்மையார் எக்குலத்தவர் என இங்கு எவரும் கேட்கவில்லை, கேளாமலே அறிந்துகொண்டீர். நோய் அங்கேதான் உள்ளது. துப்புரவுப் பணியாளர் என்னும் பெயரைத் தூய்மைப் பணியாளர் என அரசினர் மாற்றினர். நாமோ மூட்டையை மாற்றவில்லை. குலப்பெருமை பேசக் கூடிய சங்கத்தில் இதனைச் சொல்லலாமா எனின், இங்கன்றி வேறெங்கே சொல்வது?

சட்டம் இல்லாமலில்லை. இந்திய அரசினர் 2016-இல் வெளியிட்ட விதிகள், மக்குவன, மக்காதன, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்லின. உரிமம் பெறாத இடத்தில் நூற்றுவருக்கு மேற் கூட்டுவோர் மூன்று வேலை நாட்களுக்கு முன்னரே உள்ளாட்சிக்கு அறிவித்து, கழிவைப் பிரித்தளித்தல் வேண்டுமென்றுங் கூறின. நம் குலதெய்வக் கோயிற் படையலுக்கு எவரேனும் அறிவித்ததுண்டா? தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பல விலக்கப்பட்டன. பந்தி மேசைமேல் விரிக்குந் தாள் அவற்றுள் ஒன்று. துணிபோற் றோன்றும் நெய்யாத பையும் அன்றைய பட்டியலில் இருந்தது. துணிப்பை கொடுத்தோமென மகிழ்ந்து நாம் தாம்பூலம் இட்டுக் கொடுத்தவை பெரும்பாலும் அவையே.

ஆகவே சங்கம் அறுநூறு எவர்சில்வர் குவளைகள் வாங்கி, நம்மவர் இல்ல விழாக்களுக்கு வாடகையின்றித் தருதல் வேண்டும். கழுவுவது யார் என்று பொருளாளர் வினவினார். நல்ல வினா. கழுவுவோர்க்குக் கூலி தருவோம். புட்டி நீருக்குச் செலவிடும் பணத்தில் அது அடங்கும். பந்தி முடியுமிடத்தில் மூன்று தொட்டிகள் வைத்து, இலையை ஒன்றிலும் குவளை முதலியவற்றை ஒன்றிலும் கண்ணாடியைப் பிறிதொன்றிலும் இடுவித்தல் வேண்டும். அங்கே நிற்போர் கூலியாளராதல் கூடாது. விழா வீட்டாராகவே இருத்தல் வேண்டும். இலை எடுப்பது இழிவென்பார், தாம் உண்ட இலையைத் தாமே மடித்துக் கொணர்ந்து இடுக.

வருகின்ற பங்குனி உத்திர அன்னதானத்தில் முதற்றொட்டியருகே யாம் நிற்கின்றோம். எம்முடன் நிற்க இன்னும் ஐவர் வேண்டும். இசைவோர் தம் பெயரைக் காரியதரிசியவர்களிடம் இன்றே எழுதிக் கொடுக்க வேண்டுகின்றோம்.