தீ தின்ற கோட்டையும் தெருக்குத்துக் கல்லும்



பிப்ரவரி மாதம். டோக்கியோவில் உச்சி வெயிலிலும் பத்து டிகிரிதான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கணவனும் மனைவியும் கம்பளிச் சட்டையோடு விமானம் ஏறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மணி நேரத்துக்குள் நாஹாவில் இறங்கிவிடுகிறார்கள். ஒகினாவாத் தீவின் தலைநகரம் அது. பகலில் இருபது டிகிரி. கம்பளி பைக்குள் போய்விடுகிறது. மே, ஜூனில் போனால் அடைமழை, அதற்குப் பிறகு சூறாவளி. இரண்டுக்கும் சிக்காத மாதமாகப் பார்த்துத்தான் இருவரும் கிளம்பியிருக்கிறார்கள்.

கையில் இருப்பதோ ஒரே ஒரு நாள். கணவருக்குச் சுராஉமி மீன் காட்சியகத்தின் மேல் ஒரு கண். 7,500 கன மீட்டர் தண்ணீர் நிற்கும் தொட்டி, 60 சென்டிமீட்டர் தடிமன் கொண்ட கண்ணாடி போன்ற சுவர், அதற்கு அந்தப் பக்கம் திமிங்கலச் சுறாக்கள். ஆசைப்படக்கூடியதுதான். ஆனால் அது தீவின் வடக்கே, மோட்டோபுவில் இருக்கிறது. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். நாள் முழுக்கச் சாலையிலேயே கழிந்துவிடும் என்கிறார் மனைவி. அவர் சொல்வதுதான் சரி.

ஆகவே, மோனோ ரயில். 2003இல் ஓடத் தொடங்கிய இதைத் தவிர, தீவில் வேறு ரயில் கிடையாது. முன்பு இருந்த சிறு ரயில் பாதை இரண்டாம் உலகப் போரில், 1945இல், அழிந்துபோனது. நாள் சீட்டு ஒன்றை வாங்கினால், வாங்கிய நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குச் செல்லும். வானொலி கேட்பவர்களுக்குப் பிடிக்கும் ஒரு செய்தியும் உண்டு: ஒவ்வொரு நிலையம் நெருங்கும்போதும், அதற்கென்று வைத்த ஒகினாவா நாட்டுப்பாடலின் மெட்டு பெட்டிக்குள் ஒலிக்கும். பழகியவர்கள் பலகையைப் பார்க்காமலே இறங்கிவிடலாம்.

ஷுரியில் இறங்கி நடந்தால், ஷுரி கோட்டையின் ஷுரெய் வாயில். கணவர் பணப்பையிலிருந்து ஒரு 2,000 யென் தாளை எடுக்கிறார். வாயிலின் படம் அதில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஒகினாவாவில் நடந்த ஜி8 மாநாட்டை ஒட்டி வெளியிட்ட தாள் அது. டோக்கியோவில் அதைப் பார்ப்பதே அரிது. ஒகினாவாவில் இன்றும் கைமாறுகிறது. தாளில் இருப்பதும் கண்ணெதிரே நிற்பதும் ஒன்றுபோலவே இருக்கின்றன. பழைய வாயில் போரில் போய்விட்டது. இப்போது நிற்பது 1958இல் கட்டியது.

வாயிலின் கதையே கோட்டையின் கதையும். 1429இல் ஷோ ஹாஷி என்ற மன்னர் மூன்று சிற்றரசுகளை ஒன்றாக்கி ரியுக்யு அரசை அமைத்தார். சீனத்துக்கும் ஜப்பானுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் நடுவில் கப்பல் விட்டுப் பிழைத்த அரசு அது. 1879இல் ஜப்பான் அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ரியுக்யு மன்னர்கள் இருந்த இந்தக் கோட்டை எரிந்தது ஐந்து முறை: 1453, 1660, 1709, 1945, 2019. நான்காவது முறை எரிந்ததற்குக் காரணம், அதன் அடியில் ஜப்பானிய ராணுவம் சுரங்கம் வெட்டித் தலைமையகம் வைத்திருந்ததுதான். தீவில் நடந்த அந்தப் போரில் மாண்டவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். 1992இல் மறுபடி எழுந்த கோட்டையின் பிரதான மண்டபம், 2019 அக்டோபர் 31 விடியுமுன் தீப்பிடித்துச் சாம்பலானது. இந்த முறை தீவுக்காரர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். திரை போட்டு மறைத்துக் கட்டாமல், தச்சர்கள் மரம் செதுக்குவதை வருகிறவர்கள் பார்க்கும்படி வைத்தார்கள். 2026 இலையுதிர் காலத்தில் மண்டபத்தை முடிப்பது என்று திட்டமிட்டார்கள்.

உண்மையாகவே பழையதைப் பார்க்க வேண்டுமானால் காலடியில் பார்க்க வேண்டும். கோட்டைக்குத் தெற்கே சரிவில் இறங்கும் கின்ஜோ கல்பாதை 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாவியது. பத்துக் கிலோமீட்டர் நீண்ட சாலையில் இன்று மிச்சம் சுமார் 300 மீட்டர். பாதையோரத்தில் 200 வயதுக்கு மேற்பட்ட அகாகி மரங்கள் குண்டுக்குத் தப்பி நிற்கின்றன. சிவப்பு ஓட்டுக் கூரைகளின் மேல் ஷீசா என்னும் சிங்க உருவங்கள். இரண்டாக வைத்தால் ஒன்று வாய் திறந்திருக்கும், மற்றது மூடியிருக்கும். எது கணவன், எது மனைவி என்று இவர்களுக்குள் சின்ன வழக்கு.

பாதை முட்டும் இடத்தில், சுவரில் பதித்த ஒரு கல்லில் மூன்று சீன எழுத்துகள். இஷிகாந்தோ என்று பெயர். கெட்ட ஆவி நேராகத்தான் போகுமாம், திரும்பத் தெரியாதாம். தெரு முட்டும் வீட்டுக்குள் அது புகாமல் இருக்க இந்தக் கல். தெருக்குத்து வீட்டுச் சுவரில் பிள்ளையாரை வைக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மதியம் மகிஷி சந்தை. 2023இல் திறந்த புதுக் கட்டடம், ஆனால் பழைய வழக்கம்: கீழே மீன் வாங்கி மாடியில் கொடுத்தால் சமைத்துத் தருவார்கள். பன்றியின் முகத்தோல்கூடத் தொங்குகிறது. அதன் கத்தலைத் தவிர எல்லாவற்றையும் தின்போம் என்பது தீவின் பேச்சு. கணவர் நீல நிறக் கிளிமீனைக் காட்டுகிறார். மனைவி கேட்பது கோயா சம்புரு. கோயா வேறொன்றுமில்லை, நம் பாகற்காய்தான். சீவி, டோஃபுவும் முட்டையும் பன்றி இறைச்சியும் சேர்த்துப் பிரட்டுகிறார்கள். அந்த இறைச்சி பல நேரம் அமெரிக்க டப்பாவிலிருந்து வருகிறது; 1972 மே 15 வரை தீவை ஆண்டவர்கள் அமெரிக்கர்கள். அவர்கள் ஆட்சி முடிந்த பிறகும் சில ஆண்டுகள் வண்டிகள் சாலையின் வலப்புறமே ஓடின. 1978 ஜூலை 30 அன்று, ஒரே இரவில், தீவு முழுவதும் இடப்புறத்துக்கு மாறியது.

கடைத்தெருவான கொகுசாய் வீதியில் சுற்றிவிட்டு, மாலையில் கடலுக்குப் போகிறார்கள். நாமினோஉவே கடற்கரை நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. பாறை மேல் கோவில், கீழே வெள்ளை மணல், எதிரே கடலை மறைத்துக்கொண்டு ஒரு நெடுஞ்சாலைப் பாலம்! படத்துக்கு ஆகாத கடற்கரை. இருந்தும் இருவரும் இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அதன்பின் ஆளுக்கு ஒரு கோப்பை அவாமோரி. தீவின் சொந்தச் சாராயம் என்று பெயர். அரிசி தாய்லாந்து அரிசி.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கின்ஜோ பாதையின் சுண்ணாம்புக்கல் மழையில் வழுக்கும். நல்ல பிடிமானமுள்ள செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். கோட்டையை முதலில் பார்த்துவிட்டு, பாதையில் இறங்கி வாருங்கள், ஏறப் பார்க்காதீர்கள்.