எட்டாத பொத்தான்

மொழிபெயர்ப்பாளன் கைக்கு எட்டாத சொல்லும் உண்டென்பதை அண்மையில்தான் அறிந்தேன். வெளிமாநிலத் தமிழர் நிரப்பவேண்டிய இணைய விண்ணப்பம் ஒன்றைத் தமிழாக்கினேன். பெயர், முகவரி யாவும் தமிழில் அமைந்தன. சான்றிதழை இணைக்கும் பொத்தானில் மட்டும் 'சூஸ் ஃபைல்' என்ற ஆங்கிலம் அசையாது நின்றது.

பக்கத்தை அமைத்த இளைஞரைக் கேட்டேன். எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியில் அப்பொத்தானை ஒரு வரியில் இட்டுவிடலாமாம். ஆனால் அதன்மேல் தோன்றும் எழுத்து உலாவிக்கே உரியது. உலாவி எம்மொழியில் இயங்குகிறதோ, அம்மொழியே அங்கு நிற்கும். தேதிக் கட்டமும் அத்தகையதே. உள்ளே ஆண்டு, மாதம், நாள் என்று ஒரே ஒழுங்கில் பதிந்தாலும், வெளியே காட்டும் வரிசை உலாவியின் விருப்பம். அமெரிக்க முறையில் அமைந்த கணினியில் மார்ச்சு 4ஆம் நாள் 03/04 எனத் தோன்றும். நம்மவர் அதை ஏப்ரல் 3 என்றே படிப்பர். பிறந்த தேதியில் இம்மயக்கம் சிறிதன்று.

'டயலாக்' என்னும் உரையாடற் பெட்டி குரோம் உலாவியில் 2014இல் வந்தது. பயர்பாக்ஸிலும் சஃபாரியிலும் 2022இல்தான் வந்தது. எங்கள் அலுவலகக் கோப்புகளே தேவலை!

இளைஞர் மூலப் பொத்தானை அறவே மறைத்துத் தமிழ்ப் பொத்தானொன்றை வரைந்தார். பார்வைக்கு அழகுதான். விசைப்பலகையை மட்டுமே கொண்டு இயங்கும் பார்வையற்ற நண்பர் ஒருவர் சோதித்தார். அவரால் அதை எட்டவே இயலவில்லை. மூலப் பொத்தானை நீக்காமல், கண்ணுக்குப் புலப்படாத புள்ளியளவாகச் சுருக்கி வைத்த பின்னரே அவருடைய சான்றிதழ் போய்ச் சேர்ந்தது.